தலைக்கு வைத்த பை

ஜோயல், உன் மம்மிதான் எழுதுகிறேன். தமிழில் எழுதியிருக்கிறேனே என்று முகத்தைச் சுளிக்காதே. போனில் பேசினால் நீ "ஹவ் மம்மி, ஹவ் மம்மி" என்று ஆமாம் போட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. இங்கிலீஷில் எழுதினால் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பிவிடுவாய். தமிழ் என்றால் நீ எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும். ஞாயிறு பள்ளியில் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த எழுத்துகள். கொஞ்சம் துருப்பிடித்திருக்கும், அடியோடு போயிருக்காது. முடிகிற வரைக்கும் நீயே படி. முடியாத இடத்தில் ஷீபாவிடம் கொடு. உன் மனைவி மதுரைக்காரி, மடமடவென்று வாசித்துக் காட்டுவாள். இரண்டில் எது நடந்தாலும் எனக்குச் சம்மதம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ அனுப்பிய தாள் வந்து சேர்ந்தது. உன் அப்பாவின் ரிவால்வரை உன் பெயருக்கு மாற்றிக்கொள்ள எனக்கு ஆட்சேபம் இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள். அதற்கு முன்னாலேயே போனில் உன் செய்தியும் வந்துவிட்டது: "சைன் பண்ணி அனுப்பு மம்மி. ஷீபாகிட்ட இப்ப எதுவும் சொல்லாத, சும்மா டென்ஷன் ஆவா. வீட்டுக்கு வந்தப்புறம் நானே சொல்லிக்கிறேன்." அந்தத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவை சாப்பிட உட்காரும்போதும் அதுதான் கண்ணில் படுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஜோயல். வயசான காலத்தில் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறாள் என்று நீ நினைக்கலாம். கரப்பான்பூச்சிக்கும் கரண்ட் போவதற்கும் பயப்படுகிற பயம் வேறு. இது வேறு. ஊறுகாயைக்கூடப் பாட்டிலை நகர்த்தாமலேதான் எடுக்கிறேன்.

உன் காரணங்களை நான் காதில் வாங்காமல் இல்லை. பக்கத்து பிளாக்கில் பூட்டியிருந்த வீட்டை யாரோ உடைத்துவிட்டார்கள் என்றாய். அப்பா ஞாபகமாக ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும் என்றாய். ஞாபகத்துக்கு அவர் கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள். தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தாரே, அந்த பூட்ஸை எடுத்துக்கொள், உன் காலுக்குச் சரியாக இருக்கும். மவுத் ஆர்கனை எடுத்துக்கொண்டு போனால் எனக்கு இன்னும் சந்தோஷம். ஆயுசு முழுக்க ஒரே பாட்டைத் தப்பாக வாசித்த மனிதர். இத்தனையும் இருக்கும்போது உனக்கு ஞாபகத்துக்கு அதுதான் கிடைத்ததா?

அது நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். ஆனாலும் ஒழுங்காகச் சொன்னால்தான் மற்றது புரியும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்ததும் உன் அப்பா பட்டாளக் குடியிருப்பை ஒட்டிய லோத்குண்டாவில்தான் வீடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். விடிகாலையில் சிப்பாய்கள் ஓடுகிற பூட்ஸ் சத்தம் காதில் விழாவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்ததாகவே இருக்காது. வங்கிப் பணம் கொண்டுபோகிற வண்டியில் காவல் வேலை கிடைத்தது. சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால்தான் அந்த வேலை. நான் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் ஆயுதம் என்று இருந்தது அரிவாள்மணை ஒன்றுதான். அந்த ரிவால்வர் வந்த அன்றைக்கு நான் அதன் பக்கத்திலேயே போகவில்லை. பிறகு மனிதன் எதற்குத்தான் பழக மாட்டான்? முட்டிவலி வந்து அவர் வேலையை விட்டார். அது மட்டும் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டது.

விருந்தாளி யார் வந்தாலும் டீ குடித்து முடிப்பதற்குள் "அந்த ரிவால்வரைக் கொஞ்சம் காட்டுங்க அங்கிள்" என்பார்கள். அவரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எழுந்து போவார். தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டு, மேஜையில் ஒரு துண்டை விரித்து, முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் அதைப் படுக்க வைப்பார். ஆளுக்கொரு தடவை தூக்கிப் பார்த்து "நல்ல கனமா இருக்கே" என்பார்கள். கனம் என்றால் ஒரு கிலோ துவரம்பருப்புப் பாக்கெட் அளவு இருக்கும். நீ அரைக்கால் சட்டையோடு பக்கத்தில் நின்றுகொண்டு, ஏதோ நீயே எல்லையில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்துவாய். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். நம் வீட்டில் துப்பாக்கி இருப்பது யார் யாருக்குத் தெரியும் என்று பின்னால் போலீஸ்காரர் கேட்டபோது, தெரியாதவர்களைச் சொல்வதுதான் சுலபமாக இருந்தது.

உன் கல்யாணம் டிசம்பரில். வேலூரிலிருந்து உன் பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகன் பிரவீன், மகள் ஸ்டெல்லா, ஸ்டெல்லாவின் சின்னக் குழந்தை ரூபி, இன்னும் யார் யாரோ வந்து இறங்கினார்கள். மாடியில் உன் ஆபீஸ் நண்பர்கள். நடக்கக்கூட இடமில்லாமல் ஹால் முழுக்கப் பாய். வந்ததும் வராததுமாகப் பெரியம்மா கைக்குட்டையில் முடிந்த நகையை என் கையில் திணித்து, "ஊரு பேரு தெரியாத எடம், இத எங்க வச்சிக்கினு சுத்தறது? உன் லாக்கர்ல வை" என்றாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் ஆளுக்கொரு முடிச்சாகக் கொண்டுவந்தார்கள். நம்பிக் கொடுக்கிறார்கள், வாங்கி வைக்காவிட்டால் வீட்டுக்காரிக்கு என்ன மரியாதை? இரும்பு பீரோவின் உள் லாக்கர் சின்னது. அதில்தான் ரிவால்வர் இருந்தது. உன் அப்பாவைக் கூப்பிட்டு "அத வெளிய எடுங்க, நகைக்கு எடம் வேணும்" என்றேன். அவர் யோசித்தார். "எங்க வைக்கிறது?" என்றார். "எங்கயாவது வைங்க, அத யாரு தின்னப் போறாங்க" என்றேன். இந்த ஊரில் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள், திருடு போகிற பொருள் என்றால் தங்கம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கத்தைப் பூட்டுவதற்காகத் துப்பாக்கியை வெளியே எடுத்த வீடு நம் வீடு.

அவர் அதைத் துண்டில் சுற்றி, தோட்டாக்களையும் அதே துண்டில் போட்டு, கறுப்பு ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்தார். அதன் மேல் பட்டாளத்துக் கம்பளிகள் அடுக்கடுக்காக இருந்தன. பூட்டும் போட்டார். சாவியை மற்ற சாவிகளோடு கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். கம்பளிகளுக்கு அடியில் இருப்பதை எவன் பார்க்கப்போகிறான் என்று நினைத்திருப்பார். ஆனால் அது டிசம்பர். சாயங்காலம் ஆனதும் வேலூர்க்காரர்களுக்குப் பல் கிடுகிடுத்தது. "ட்ரங்குல கம்பளி இருக்கு, வேணுங்கறத எடுத்துக்கோ கண்ணு" என்று பிரவீனிடம் சாவியை எடுத்துக் கொடுத்தவளே நான்தான். ஒவ்வொரு ரயிலுக்கும் ஆள் வந்து இறங்க இறங்க, பெட்டியிலிருந்து ஒவ்வொரு கம்பளியாக வெளியே போனது. யாருக்கும் குளிரக் கூடாது என்று நாமே பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தோம். கடைசிக் கம்பளியும் போன பிறகு பெட்டியில் என்ன மிஞ்சும் என்று நான் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

கல்யாணமும் ரிசப்ஷனும் நன்றாக நடந்தன. மறுநாள் ஷீபா வீட்டார் நம் வீட்டில் விருந்துக்கு வந்திருந்தார்கள். பெரியப்பா குடும்பத்துக்கு மத்தியானம் ரயில். நான் லாக்கரைத் திறந்து நகை முடிச்சுகளை எண்ணி எண்ணி அவரவர் கையில் கொடுத்தேன். ஒரு மூக்குத்திகூடக் குறையவில்லை. அப்போது எனக்கு இருந்த நிம்மதியை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது. ஆளுக்கொரு பையில் கேக்கும் முறுக்கும் கட்டிக் கொடுத்து ஆட்டோ ஏற்றி அனுப்பினோம். லாக்கர் காலியாகிவிட்டதே, அதைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்று உன் அப்பா ட்ரங்கைத் திறந்தார். நான் பாயசக் கிண்ணத்தோடு உள்ளே போனால், அவர் தரையில் உட்கார்ந்து காலிப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். வெறும் தகரம். கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் துழாவுகிறார்.

பிறகு நடந்தது உனக்கு நன்றாக நினைவிருக்கும்; நீ அதை நினைத்து நினைத்துத்தான் அவரோடு சரியாகப் பேசாமலே இருந்தாய். ஆனால் நீ கோபத்தில் பார்த்தாய், நான் பயத்தில் பார்த்தேன். அதனால் என் பக்கத்தையும் கேள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். நான் அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "ஹால்ல சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. கல்யாண வீட்டுக்குப் போலீஸ கூட்டிட்டு வருவீங்களா? சாயங்காலம் வரைக்கும் பொறுங்க, நாமே தேடிப் பார்ப்போம்" என்றேன். நீ வந்து, "டாடி, நக்கோ டாடி, வேணாம். மாடியில என் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் தூங்கினாங்க. அவங்க பேரெல்லாம் குடுத்தா நான் எப்படி அங்க போய் மூஞ்சி காட்டுறது?" என்றாய். இருக்கிறவர்கள் பைகளையாவது ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நீ மாடிப் பக்கம் திரும்பியபோது உன் அப்பா உன் கையை இறுக்கிப் பிடித்தார். "யாரு பையையும் நாம தொறக்கக் கூடாது. எடுத்தவன் கைல அது இருக்குது, தோட்டாவும் இருக்குது. மாட்டிக்கிட்டோம்னு பயந்தா அவன் என்ன பண்ணுவான்னு அவனுக்கே தெரியாது" என்றார். அதுவரைக்கும் நான் மானம் போகுமே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். உயிர் போகும் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் கதவை விட்டு நகர்ந்தேன்.

ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். அவர் லைசென்ஸ் புத்தகத்தை நீட்டி, துப்பாக்கியின் நம்பரைச் சொல்லி, கடைசியாக எப்போது பார்த்தேன், எங்கே வைத்தேன், சாவி எங்கே தொங்கியது என்று ஒன்று விடாமல் சொன்னார். தன் முட்டாள்தனத்தையும் மறைக்கவில்லை. அந்த அதிகாரி நல்ல மனிதர். "ஷாதி கா கர் ஹை சாப், கல்யாண வீடு, யார் மேல சந்தேகம்னு மட்டும் சொல்லுங்க, மத்தவங்கள ஏன் இழுக்கணும்" என்று அவருடைய பாதி உருதுவும் பாதித் தெலுங்குமாகக் கேட்டார். உன் அப்பா, "சந்தேகம்னு யாரையும் சொல்ல மாட்டேன். வீட்டுல தங்கின எல்லாரு பேரையும் சொல்றேன்" என்றார். முதலில் தன் பெயர், அடுத்து என் பெயர், அடுத்து உன் பெயர், அதற்கப்புறம்தான் சொந்த அண்ணன் பெயர். பெற்ற மகன் பெயரைப் போலீஸில் கொடுத்தவர் என்று நீ அவரை விட்டு விலகினாய். ஒருவனைக் குறிவைத்து அவமானப்படுத்தாமல் இருக்க வேறு என்ன வழி இருந்தது, நீயே சொல். நாங்கள் போலீஸோடு திரும்பி வந்தபோது வீட்டில் ஒரே கூச்சல். அப்போது ஷீபா, தலையில் முந்தின நாள் பூகூட வாடாத புதுப்பெண், தன் சூட்கேஸை நடுக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து, "மொதல்ல எங்க பெட்டியப் பாருங்க சார். பொண்ணு வீட்டுக்காரங்கன்னு விட்றாதீங்க" என்றாள். திறந்து காட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே உள்ளே போய் உன் அப்பாவுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு நம் வீட்டில் புத்தி தெளிவாக இருந்தது அவளுக்கு மட்டும்தான்.

இதற்கு நடுவில் ரயில் போய்க்கொண்டிருந்தது. போலீஸார் ரயில்வே போலீஸுக்குத் தகவல் சொல்லிவிட்டார்கள். அடுத்த பெரிய ஸ்டேஷனில் வண்டி நிற்கும் வரை அண்ணனைப் பதற்றப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதன் பேரில் உன் அப்பா பெரியப்பாவுக்குப் போன் போட்டார். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது. "அண்ணா, நிதானமா கேளு. வீட்டுல அந்த ரிவால்வர் காணோம். உங்க பைல வந்துருக்கலாம். யாரையும் ஒண்ணும் கேக்காத. எந்தப் பையையும் தொடாத. பொம்பளைங்கள, கொழந்தைய கூட்டிக்கினு வேற பெட்டிக்குப் போயிடு." அந்தப் பக்கம் சக்கரச் சத்தம்தான் முதலில் கேட்டது. அப்புறம் பெரியப்பா, "இன்னாடா பேசற நீ? சோறு போட்டு அனுப்சிட்டு இப்ப என்ன திருடன்னு சொல்றியா? இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்டா" என்று கத்தினார். லைன் அறுந்துவிட்டது. மறுபடி அடித்தால் கிடைக்கவில்லை.

அந்தச் சாயங்காலம் எனக்கு எப்படிப் போனது என்று இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. வாசல்படியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினால் ரயில் பெட்டி தெரிந்தது. மேல் பெர்த்திலிருந்து ஒரு பை நழுவி விழுகிறது. டீக்காரன் இடித்துக்கொண்டு போகிறான். பெரியப்பா கோபத்தில் எல்லாப் பையையும் தலைகீழாகக் கொட்டுகிறார். எனக்கு முகம் தெரியாத யார் யாரோ அந்தப் பெட்டியில் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டிலிருந்து போன பொருள் அவர்கள் காலடியில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஜெபம் பண்ணலாம் என்று வாயைத் திறந்தால், "ஆண்டவரே, குழந்தை, குழந்தை" என்று அது மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தது. வந்தவர்கள் எல்லாரும் மெல்ல மெல்லக் கிளம்பிப் போனார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இருட்டுகிற நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. வண்டி நின்றதும் ரயில்வே போலீஸார் ஏறி, முதலில் அந்தப் பகுதியில் இருந்தவர்களை இறக்கிவிட்டார்கள். யாரும் அதட்டக்கூட இல்லை, பிரவீனே அழுதுகொண்டே கையைக் காட்டினான். நான் கட்டிக் கொடுத்த கேக் பைக்குள் அதே துண்டில் சுற்றியபடி இருந்தது. வேலூரில் நண்பர்களிடம் காட்டிவிட்டு, அடுத்த முறை வரும்போது சத்தமில்லாமல் வைத்துவிடலாம் என்று எடுத்தானாம். மொட்டைமாடியில் வீடியோ எடுப்பதற்காகத் தோட்டாக்களை உள்ளே போட்டிருக்கிறான். வெளியே எடுக்கத் தெரியவில்லை. யாரிடம் கேட்பான்? அப்படியே சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டான். துண்டும் கேக் பெட்டியும் சேர்ந்து பை மெத்தென்று இருந்திருக்கிறது. ரூபிக்குத் தூக்கம் வந்ததும் ஸ்டெல்லா அந்தப் பையை எடுத்துக் குழந்தையின் தலைக்கு வைத்துப் படுக்க வைத்திருக்கிறாள். போலீஸ் ஏறும் வரைக்கும் ரூபி அதன் மேல்தான் தலை வைத்துத் தூங்கினாள். தாய்க்குத் தெரியாது. தெரிந்த ஒருவன் எதிர் சீட்டில் உட்கார்ந்து, சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். அவன் கெட்டவன் இல்லை, ஜோயல். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நம் வீட்டில் சாப்பிட்டு, கம்பளி போர்த்திப் படுத்து, கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்த பையன். எடுத்தது கெட்டவனாக இருந்தால் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவேன். நல்ல பையன்களை எந்தப் பூட்டை வைத்து நிறுத்துவது?

அவன்மேல் வழக்கு நடந்தது. பெரியப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்; உன் அப்பாவின் அடக்கத்துக்குக்கூட வரவில்லை. ஸ்டெல்லா மட்டும் வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, "சித்தி, சித்தப்பா மட்டும் சாயங்காலம் வரைக்கும் பொறுத்திருந்தா என் பொண்ணு" என்றவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அப்பா கொஞ்சம் பொறுத்திருக்கலாம், வீட்டுக்குள்ளேயே பேசி முடித்திருக்கலாம் என்று நீ எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாய். இனிமேல் சொல்லும்போது ஸ்டெல்லா முடிக்காமல் விட்டதையும் சேர்த்து நினைத்துக்கொள்.

கோர்ட்டிலிருந்து ரிவால்வர் திரும்பி வந்தபோது நான் வேண்டவே வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, பட்டாளத்துக்காரர் வீம்பு. ஆனால் அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தை நீ பார்த்திருக்க மாட்டாய், நீதான் வருவதையே குறைத்துக்கொண்டாயே. சுவரைக் குடைந்து, நான்கு பக்கமும் போல்ட் முடுக்கி, கனமான இரும்புப் பெட்டி ஒன்றைப் பதித்தார். தோட்டாக்களை வேறு அறையில் வேறு பெட்டியில் வேறு பூட்டுப் போட்டு வைத்தார். சாவி ஆணியில் தொங்குகிற பேச்சே இல்லை. குளிக்கப் போனாலும் இடுப்புக் கயிற்றில் கூடவே போகும். விருந்தாளி தங்க வருகிறார்கள் என்று தெரிந்தால், அது கிறிஸ்துமஸோ ஞானஸ்நானமோ, முன்கூட்டியே லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். "காட்டுங்க அங்கிள்" என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் இப்ப இல்லப்பா" என்று பேச்சை மாற்றுவார். ஒரு நாள் நான் கிண்டலாக, "இவ்வளவு பாதுகாப்பா வெச்சா திருடன் வர்றப்ப எப்படி எடுப்பீங்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "திருடனுக்கு நான் பயப்படல. வீட்டுக்குள்ள வர்றவங்களுக்காக பயப்படறேன்" என்றார். அவர் போன பிறகு நான் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன், அவர்களே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது அது அங்கே இருக்கிறது. நான் இங்கே தூங்குகிறேன்.

எனக்கு ஒட்டிக்கொண்ட வியாதி ஒன்று உண்டு. யார் வீட்டுக்கு வந்தாலும் "குடுங்க, நான் வைக்கிறேன்" என்று ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொள்கிறேன் அல்லவா? என்ன உபசாரம் என்று உன் நண்பர்கள்கூடப் புகழ்ந்தார்கள். உபசாரம் இல்லை தம்பி, எடை பார்க்கிறேன். ஒரு கிலோ துவரம்பருப்பு அதிகமாக இருக்கிறதா என்று என் கை தானாகப் பார்த்துக்கொள்கிறது. போன மாதம் கொண்டாப்பூரில் உன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தபோதும் அப்படித்தான். சனிக்கிழமை உன் வீட்டுக்குள் நுழைந்த கூட்டத்துக்குக் கணக்கே இல்லை. யாரோ பெட்ரூமில் சார்ஜர் தேடுகிறார்கள், யாரோ அலமாரியைத் திறந்து போர்வை எடுக்கிறார்கள், ஒருவன் சோபாவிலேயே தூங்கிவிட்டான். நல்ல பிள்ளைகள்தான் எல்லாரும். நடுவில் உன் மகள், நம் அனு. எந்த டிராயரையும் அவள் விட்டுவைப்பதில்லை. உன் போனின் பூட்டையே இரண்டு தட்டலில் திறக்கிறாள்; பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். "பாப்பா எங்கிட்டுப் போனாலும் ஒரு கண்ணு வைக்கணும் அத்தை" என்று ஷீபா சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழந்தை காணாமல் போய்விட்டாள். தேடிப் பார்த்தால், ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடந்த உன் ஆபீஸ் பையின் மேல் தலை வைத்துத் தரையிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்தீர்கள். நீ போட்டோ எடுத்தாய். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வெளியே வந்து அந்தப் பையை அவள் தலைக்கு அடியிலிருந்து உருவினேன். எழுந்து அழுதாள். "ஏன் மம்மி, தூங்கட்டுமே" என்று நீ என்னைக் கடிந்துகொண்டாய்.

இப்போது ஏன் தமிழில் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். நீ தனியாக எழுத்துக்கூட்டியே இதுவரை வந்திருந்தால், அந்த வாசல்படியில் என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அது போதும். இனி எழுந்து போய் இதை ஷீபாவிடம் கொடு. பாதியில் முடியாமல் அவளிடம் கொடுத்திருந்தால், நீ அவளுக்குச் சொல்லாமல் மறைத்ததை அவளே உனக்கு வாய்விட்டு வாசித்துக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது வழி ஒன்று உண்டு, மடித்து எங்காவது ஒரு டிராயரில் போட்டுவிடுவது. அப்படிச் செய்தால் உன் தாள் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியிலேயே கிடக்கும், நானும் உன்னைப் பெற்றவள்தான்.

ஷீபா, வாசிப்பது நீ என்றால், அவன்மேல் சட்டென்று கோபப்படாதே அம்மா. அப்பாவோடு சமாதானமாகாமலே அவரை அனுப்பிவிட்டான், அதைத்தான் வேறு எப்படியோ தேடிக்கொண்டிருக்கிறான். நான் கையெழுத்துப் போடவில்லை. அது வீட்டுக்குள் வரட்டும் என்று நீ சொன்னால், எந்தச் சுவரில் பதிப்பீர்கள், சாவி யார் இடுப்பில் இருக்கும், சனிக்கிழமைக் கூட்டம் வரும்போது எங்கே ஒப்படைப்பீர்கள் என்று இரண்டு பேரும் என் எதிரே உட்கார்ந்து சொல்லுங்கள். அப்போதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று நீ சொன்னால், அதை அரசாங்கத்திடமே விட்டுவிடுவதற்கும் ஒரு தாள் இருக்கிறதாம், அதில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஆனால் எதையும் பேச ஆரம்பிக்கும் முன்னால் எனக்காக ஒன்று செய்யுங்கள். இரண்டு பேரும் எழுந்து உள்ளே போய், அனு எதைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறாள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.